தராசும் அளவு நாடாவும்

தேகாப்பியாசம் செய்ய வேண்டும் என்பதில் நமது தேசத்தில் இரண்டு அபிப்பிராயம் கிடையாது. எல்லாரும் செய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறார்கள். நாளைக் காலையிலிருந்து தொடங்கப்போவதாகவும் சொல்கிறார்கள். தடை ஒன்றே ஒன்றுதான்: நேரமில்லை. காலையில் ஆபீஸுக்குப் போகிற அவசரம்; மாலையில் திரும்பி வந்த அலுப்பு; ஞாயிற்றுக்கிழமையில் கல்யாணம் அல்லது காதுகுத்தல். ஒரு மணி நேரம் ஒழிந்தால் நடக்கலாம், அரை மணி கிடைத்தால் தண்டால் எடுக்கலாம் என்று காத்திருந்து, முப்பது வயதில் எண்ணிய காரியத்துக்கு அறுபதாங் கல்யாணத்தின்போதுகூட முகூர்த்தம் அமையாமற்போன குடும்பஸ்தர்கள் நமக்குத் தெரிந்தவர்களிலேயே பலர் உண்டு.

அத்தகைய குடும்பஸ்தர்களுக்காகவே இந்தக் கட்டுரை. ஒரு மணி வேண்டாம். அரை மணியும் வேண்டாம். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷமாக, நாளில் மூன்று நான்கு தடவை மூச்சு வாங்கும்படி உடம்பை வேலை வாங்கினால் அதற்கும் பலன் உண்டு என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். என்ன பலன், எவ்வளவு பலன், எந்தப் பலனை எதிர்பார்க்கக் கூடாது என்பவற்றை நமக்குத் தெரிந்த அளவில் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

முதலில் நமது தகப்பனாரைப் பற்றிக் குறிப்பிட வேண்டும். அவர் திருச்சி பொன்மலை ரயில்வே பட்டறையில் குமாஸ்தாவாக இருந்தவர். மாதம் ஒரு தடவை திருச்சி ஜங்ஷனுக்குப் போனால், அங்கே பிளாட்பாரத்தில் வண்ண விளக்குகள் சுழல நின்றுகொண்டிருக்கும் எடை யந்திரத்தின் மேல் ஏறி, காசு போடாமல் திரும்ப மாட்டார். 'டக்'கென்று ஓர் அட்டை விழும். ஒரு பக்கத்தில் எடை. மறு பக்கத்தில் ஜோசியம். ஜோசியம் மாதத்துக்கு மாதம் மாறும். எடை மட்டும் மாறாது. இருபத்தைந்து வருஷத்து அட்டைகளை ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்தார். எல்லாவற்றிலும் அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று கிலோதான். "கல்யாணத்தன்று இருந்த உடம்பு, அப்படியே இருக்கிறது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

அந்த உடம்புதான் எழுபதாவது வயதில் தரையிலிருந்து எழுந்திருக்க மறுத்தது. இலை போட்டுச் சாப்பிட்டு எழும்போது முதலில் ஒரு கையைத் தரையில் ஊன்றினார். பிறகு சுவரைப் பிடித்தார். அப்புறம் நம் தோளைப் பிடித்தார். வீட்டுக்கு மேஜை நாற்காலி வந்தது. கடைசியில் ஒரு நாள் விடியற்காலம் ஸ்நான அறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மிச்சமிருந்த இரண்டு வருஷமும் கட்டிலோடு போயிற்று. அப்பொழுதும் பெட்டியிலிருந்த அட்டைகள் அறுபத்திரண்டு கிலோ என்றே சொல்லிக்கொண்டிருந்தன. யந்திரம் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிற்று. எத்தனை கிலோ என்பது கேள்வி. அந்தக் கிலோக்களில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்று அதை யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை வைத்திருந்தவர் வேறொருவர். மலைக்கோட்டைக்கு அருகில் நமக்கு இருபத்திரண்டு வருஷமாகச் சட்டை, காற்சட்டை தைத்துத் தரும் தையற்காரர் ஒருவர் இருக்கிறார். வாடிக்கைக்காரர்களின் அளவுகளை நீண்ட கணக்கு நோட்டுகளில் எழுதி, ஒன்றையும் எறியாமல் வைத்திருக்கிறார். நமது ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு நாள் பழைய நோட்டையும் புதிய நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்டினார். முப்பது வயதில் இடுப்பு முப்பத்திரண்டு அங்குலம், தொடை இருபத்திரண்டு. இப்போது இடுப்பு முப்பத்தேழு, தொடை இருபதரை.

"ஐயா, இடுப்பு ஏறிப்போச்சு, தொடை இறங்கிப்போச்சு. இது எடை போட்டாத் தெரியாதுங்க, துணி வெட்டினாத்தான் தெரியும்" என்றார்.

நம்முடைய எடை அறுபத்து நாலு கிலோ. உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். வைத்தியர்கள் 'பி.எம்.ஐ.' என்று போடும் கணக்குப்படி இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே மாதம் செய்துகொண்ட இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டின் மேல் வந்து நின்றது. தையற்காரரின் நோட்டும் வைத்தியசாலைக் காகிதமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லின.

இது நமக்கு மட்டும் நேர்ந்த விசித்திரமல்ல. 2004-ம் வருஷம் 'லான்ஸெட்' என்னும் வைத்தியப் பத்திரிகையில் இரண்டு டாக்டர்களின் புகைப்படம் வெளியாயிற்று. ஒருவர் புனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக். மற்றவர் லண்டன் டாக்டர் யட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. அச்சொட்டாக ஒன்றே: 22.3. ஆனால் உடலிலுள்ள கொழுப்பை அளந்து பார்த்தபோது லண்டன்காரருக்கு நூற்றுக்கு 9.1 பங்கு, புனாக்காரருக்கு 21.2 பங்கு! எடைக்கு எடை சரி. உள்ளே இருக்கும் சரக்குதான் வேறு. நம்மவர்களில் பலருக்குக் கை கால் மெலிந்திருக்கும். வயிறு மட்டும் முன்னால் நடக்கும். அதனால்தான் இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு, ஆண்களானால் 90 சென்டிமீட்டரும் பெண்களானால் 80 சென்டிமீட்டரும் தாண்டக் கூடாது என்று தனியாக எல்லை வகுத்திருக்கிறார்கள். தேசம் முழுவதும் எடுத்து 2023-ல் வெளியிட்ட பெரிய ஆராய்ச்சியொன்றின்படி, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் பத்துக் கோடிப் பேர். வயிற்றுப் பருமன் உள்ளவர்களோ, வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது பேர்.

தையற்காரரின் நாடாவுக்கு விஞ்ஞானத்திலேயே ஒரு கௌரவமான இடம் உண்டு என்பதை நேயர்கள் அறிந்தால் ஆச்சரியப்படுவார்கள். லண்டன் நகரில் மாடி பஸ்கள் ஓடுகின்றன அல்லவா? அந்தக் காலத்தில் ஒவ்வொரு பஸ்ஸிலும் ஓட்டுகிறவர் ஒருவர், டிக்கெட் கொடுக்கிற கண்டக்டர் ஒருவர். ஒருவர் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பார். மற்றவர் நாளொன்றுக்கு ஐந்நூறு, அறுநூறு படிகள் ஏறி இறங்குவார். ஜெரமி மாரிஸ் என்ற டாக்டர் இவ்விரு சாராரையும் ஒப்பிட்டு ஆராய்ந்து 1953-ல் முடிவை வெளியிட்டார். கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாக வந்தது. வந்தவர்களுக்கும் வயது சென்ற பிறகே, அதுவும் கடுமை குறைந்தே வந்தது. பிறகு 1956-ல் அவரும் அவருடைய சகாக்களும் அந்தச் சிப்பந்திகளின் சீருடை அளவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஓட்டுகிறவர்களின் காற்சட்டைகள் இடுப்பில் அகலமாயிருந்தன. வேலைக்கு வரும்போதே அவர்கள் சற்றுப் பருத்தவர்களாக இருந்திருக்கலாமே என்ற சந்தேகத்தையும் இந்த அளவுகள் கிளப்பிவிட்டன. ஆகையால் எல்லாப் புகழும் படிக்கட்டுக்கே என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் உடலுழைப்புக்கும் இருதயத்துக்கும் உள்ள சம்பந்தத்தை உலகம் அன்றுதான் கவனிக்கத் தொடங்கிற்று. டாக்டர் மாரிஸ் தமது உபதேசத்தைத் தாமே கைக்கொண்டு தொண்ணூற்றொன்பது வயது வரையில் வாழ்ந்து 2009-ல் காலமானார்.

கண்டக்டர் ஒரேயடியாக அறுநூறு படி ஏறுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பத்துப் படி ஏறுவார், டிக்கெட் கிழிப்பார், இறங்குவார். சில்லறையாகச் சேர்ந்ததுதான் அவருடைய செல்வம். இந்தச் சில்லறைக் கணக்கைப் பிற்காலத்தில் பலர் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜப்பானில் டபாடா என்பவர் 1996-ல் வாலிபர்களைச் சைக்கிள் யந்திரத்தில் ஏற்றி, இருபது விநாடி முழு மூச்சாக மிதித்தல், பத்து விநாடி ஓய்வு என்று ஏழெட்டு முறை செய்யச் சொன்னார். மொத்தம் நாலு நிமிஷம். வாரத்தில் ஐந்து நாள். ஆறு வாரத்தில் அவர்களுடைய பிராணவாயு ஏற்கும் சக்தி திட்டமாக உயர்ந்தது. அது விளையாட்டு வீரர்களுக்கு ஏற்ற கடும் தவம், நமக்குச் சரிப்படாது. நமக்கு ஏற்றதை 2019-ல் கானடா தேசத்து மக்மாஸ்டர் சர்வகலாசாலையார் செய்து காட்டினார்கள். தேகாப்பியாசமே செய்து பழகாத இளைஞர்கள் அறுபது படிகளை விரைந்து ஏற வேண்டியது; நாளைக்கு மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையில் சில மணி நேரம்; வாரத்தில் மூன்று நாள். அவ்வளவுதான். ஆறு வாரத்தில் அவர்களுடைய இருதயமும் சுவாசப்பையும் சிறிதளவாயினும் பலம் பெற்றன.

இவர்களெல்லாம் சிறு வயதினர் என்று நேயர்கள் ஆட்சேபிக்கலாம். நியாயந்தான். 2022-ல் ஸிட்னி சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள், இங்கிலாந்தில் தேகாப்பியாசம் என்பதே செய்யாத 25,000-க்கும் மேற்பட்ட நடுவயதினர், முதியோர் ஆகியோரின் மணிக்கட்டில் கட்டிய கருவிகளின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பஸ்ஸைப் பிடிக்க விரைவது, மூட்டை தூக்கிக்கொண்டு மேடு ஏறுவது போன்ற, ஒன்றிரண்டு நிமிஷமே நீடிக்கும் கடும் உழைப்பு நாளைக்கு மூன்று தடவை வாய்த்தவர்கள், ஒன்றுமே இல்லாதவர்களைக் காட்டிலும், சுமார் ஏழு வருஷ காலத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரையில் குறைவாக இறந்தார்கள். இது பார்த்து எழுதிய கணக்கே அன்றிப் பரீட்சையல்ல. திடமான உடம்புள்ளவர்கள்தானே விரைவாகவும் நடப்பார்கள்? இருந்தாலும் அலட்சியம் செய்யத் தக்க செய்தியல்ல. பத்து நிமிஷத்துக்குக் குறைந்த உழைப்பு கணக்கில் சேராது என்று முன்பு சொல்லி வந்த உலகச் சுகாதார ஸ்தாபனமும் 2020-ல் அந்த விதியை எடுத்துவிட்டது.

இனி எதிர்பார்க்கக் கூடாததைச் சொல்லிவிடுவோம். அறுபத்து நாலு கிலோ மனிதர் அறுபது படி ஏறினால் செலவாகும் சக்தி ஏழெட்டுக் கலோரி. மூன்று தடவை ஏறினால் இருபத்தைந்துக்குள் அடங்கும். ஒரு மெதுவடையோ நூறு கலோரி அளவில் இருக்கிறது. ஆகவே, காலையும் மாலையும் இரவும் படியேறிச் சம்பாதித்ததையெல்லாம் வடையில் கால் பங்கு விழுங்கிவிடும். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருப்பதால், படியேறி மட்டும் அதைக் கரைக்கப் பத்து மாதம் பிடிக்கும். வயிற்றுக்கென்று தனி அப்பியாசம் செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் எடுத்துவிடலாம் என்பதும் நடவாத காரியம்; எங்கிருந்து எடுப்பதென்பதை உடம்பு நம்மைக் கேட்டுத் தீர்மானிப்பதில்லை. விட்டு விட்டுச் செய்யும் கடும் பயிற்சியையும் நிதானமாக நீடிக்கும் பயிற்சியையும் ஒப்பிட்ட ஆராய்ச்சிகளைத் திரட்டி 2017-ல் ஒரு தொகுப்பு வெளிவந்தது. இரண்டிலும் கொழுப்பும் இடுப்பும் ஒரே அளவாக, அதுவும் கொஞ்சமாகவே குறைந்தன. எடை ஏறக்குறைய மாறவே இல்லை. முன்னதற்குச் செலவான நேரம் மட்டும் நூற்றுக்கு நாற்பது பங்கு குறைவு.

அப்படியானால் பலன் எங்கே? தசையில் இருக்கிறது. சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் இறங்கும்போது, இன்ஸுலின் அதில் பெரும் பகுதியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் களஞ்சியம் தசைதான். முப்பது வயதுக்குப் பிறகு, வேலை கொடுக்காத தசை வருஷந்தோறும் சிறிது சிறிதாகத் தேய்கிறது. களஞ்சியம் சுருங்கினால் நெல் தெருவில்தானே கிடக்க வேண்டும்? தொடையும் முதுகும் பெரிய களஞ்சியங்கள். மூச்சு வாங்கும்படி படியேறும்போது, "உனக்கு இன்னும் வேலை இருக்கிறது, போகாதே" என்று தசைக்கு ஒரு தாக்கீது போகிறது. களஞ்சியத்துக்கும் இடம் பிறக்கிறது. தராசு காட்டாத இந்த மாறுதலைத்தான் அளவு நாடா காட்டுகிறது.

நம் வீட்டில் நடக்கும் ஏற்பாடு மிகவும் சாதாரணமானது. குடியிருப்பது மூன்றாவது மாடி. கீழிருந்து சரியாக அறுபது படி. லிப்ட் இருக்கிறது, அது விருந்தாளிகளுக்கும் கட்டிலுக்கும் பீரோவுக்கும். காலையில் பால் வாங்கி வரும்போது ஒரு தடவை, ஆபீஸிலிருந்து திரும்பும்போது ஒரு தடவை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை விரைந்து ஏறுகிறோம். காப்பி டிகாக்ஷன் இறங்குகிற நேரத்தில் இருபது தோப்புக்கரணம். உச்சிப் பிள்ளையார் இருக்கும் ஊரில் இதற்குத் தனியாக ஆசிரியர் தேவையில்லை. பிள்ளையாருக்குப் போடுவதை இன்னும் கொஞ்சம் தாழ உட்கார்ந்து எழுந்து போட்டால் அதுவே பஸ்கி. மாலையில் சுவரில் கையூன்றிப் பத்துப் பதினைந்து தண்டால். எல்லாம் சேர்ந்து நாளைக்கு ஏழெட்டு நிமிஷத்துக்கு மேல் ஆவதில்லை.

வீட்டு அம்மாளுக்கு முதலில் இதில் நம்பிக்கை இல்லை. "ரெண்டு நிமிஷத்திலே ஊளைச்சதை கரையறதாக்கும்! எங்க பாட்டி ஆட்டுக்கல்லிலே மாவரைச்சு, கிணத்திலே தண்ணி இறைச்சு, உலக்கை பிடிச்சு நெல்லுக் குத்தினா. அது வேலை" என்றாள். யோசித்துப் பார்த்தால் பாட்டியும் லண்டன் கண்டக்டர் செய்ததைத்தான் செய்திருக்கிறாள்: ஒரு மூச்சு இறைப்பு, சிறிது ஓய்வு, மறுபடி ஒரு மூச்சு. அந்தக் காலம் திரும்பி வர வேண்டுமென்று நாம் சொல்லத் துணியவில்லை. வெட் கிரைண்டரைத் தூக்கிப் போட்டால் பின்னாலேயே நாமும் வெளியேற வேண்டியிருக்கும். ஆனால் அந்த உழைப்பு போன இடத்தில் வேறு ஏதாவது வரத்தானே வேண்டும்? இப்போது அம்மாளும் படியேறுகிறாள். நமக்குப் பரீட்சை அதிகாரியும் அவளே. மூன்றாவது மாடிக்கு வந்ததும் ஏதாவது கேள்வி கேட்பாள். நீளமாகப் பதில் சொன்னால், "இவ்வளவு பேச முடிகிறதா? அப்படின்னா வேகம் போதாது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவாள். இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் மூச்சு வாங்கினால்தான் அது கடும் உழைப்பு என்பது வைத்தியர்களும் ஒப்புக்கொண்ட அளவுகோல்.

எட்டு மாதம் சென்று தையற்காரரிடம் போனோம். தராசில் நமக்குக் குறைந்திருந்தது ஒரே ஒரு கிலோ. இடுப்போ முப்பத்தேழிலிருந்து முப்பத்தைந்தரைக்கு வந்திருந்தது. தொடை அரை அங்குலம் ஏறியிருந்தது. இரத்தத்திலுள்ள சர்க்கரையும் எல்லைக்கோட்டுக்கு இப்பால் வந்தது. சாயங்கால வடையை வாரத்துக்கு ஒன்றாக்கியதற்கும், சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நடந்ததற்கும் இதில் பங்கு உண்டு. எல்லாவற்றையும்விட நமக்குச் சந்தோஷம் அளித்தது, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருக்க முடிந்ததுதான். தகப்பனார் எந்த வயதில் அதை இழந்தாரோ, அந்த வயதை இதனோடு கடந்துவிட வேண்டுமென்பது நம் ஆசை.

காலம் கடந்துவிட்டதே என்று வயதானவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. 1990-ல் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லமொன்றில் 86 முதல் 96 வயது வரையிலான சிலருக்கு எட்டு வாரம் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். கால்களின் பலம் ஒன்றுக்கு இரண்டரை மடங்குக்கு மேல் வளர்ந்தது. தொடைத் தசையும் கூடிற்று. தொண்ணூறு வயதிலும் தசை உத்தரவுக்குக் கீழ்ப்படிகிறது. ஆனால் ஒரு ஜாக்கிரதை: மார்பு வலி உள்ளவர்கள், இருதய நோயாளிகள், இரத்த அழுத்தம் மிகுந்தவர்கள், முழங்கால் வலிக்காரர்கள் ஆகியோர் வைத்தியரைக் கேட்காமல் விரைந்து ஏறக் கூடாது. மற்றவர்களும் முதல் இரண்டு வாரம் நிதானமாக ஏறிப் பழகிய பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும். வயிறு நிரம்பச் சாப்பிட்டவுடன் வேண்டவே வேண்டாம். இந்தச் சில்லறையை மட்டும் வைத்துக்கொண்டு நடப்பதை நிறுத்திவிடவும் கூடாது. வாரத்துக்கு நூற்றைம்பது நிமிஷ நடையும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் என்ற பொது விதி அப்படியேதான் இருக்கிறது. சில்லறை அந்தக் கணக்கில் வரவு வைக்கத் தக்கது, கணக்கையே தீர்த்துவிடாது.

தராசைத் தள்ளிவிட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் ஓர் அளவு நாடாவையும் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறோம். மாதம் ஒரு தடவை இடுப்பை அளந்து, நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வையுங்கள். வீட்டிலுள்ளவர்கள் எல்லாரும் தரையில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் யார் எழுந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். குழந்தைகளுக்கு அது நல்ல வேடிக்கையாயிருக்கும், பெரியவர்களுக்கு நல்ல எச்சரிக்கையாயிருக்கும். மற்றக் காரியங்களுக்கெல்லாம் நாளும் நட்சத்திரமும் பார்த்துக்கொள்ளலாம். படியேறுவதற்கு ராகுகாலம் எமகண்டம் கிடையாது.